ராக் ஆல்பத்தில் டிரம்ஸ் சத்தம் நல்லதா கெட்டதா: காதால் கண்டுபிடிக்கும் வழி

ஒரு ராக் ஆல்பம் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பாட்டைக் குறை சொல்வோம், இல்லாவிட்டால் பாடகரை. பல நேரம் காரணம் டிரம்ஸ்தான். பாட்டு நன்றாக இருக்கும், வாசிப்பும் சுத்தமாக இருக்கும், ஆனால் ஸ்நேர் என்ற, குச்சியால் அடிக்கும் சின்ன டிரம் காதில் அறைந்துகொண்டே இருப்பதால் மூன்றாவது பாட்டுக்கு மேல் உட்கார முடியாது. இதற்கு நேர் எதிராக, சுமாரான பாட்டைக்கூட அந்த டிரம்ஸ் சத்தத்துக்காகவே பத்து முறை ஓடவிட்டிருக்கிறேன்.

இதைக் காதால் பிரித்துப் பார்க்க எனக்கு உதவுவது மூன்று கேள்விகள். எதை அடிக்கிறார்கள்? எங்கே வைத்து அடிக்கிறார்கள்? யார் அடிக்கிறார்? நல்ல பதிவில் இந்த மூன்றுக்கும் பதில் காதிலேயே கிடைத்துவிடும். கெட்ட பதிவில் ஒன்றோ இரண்டோ காணாமல் போயிருக்கும். வேண்டுமென்றே ஒன்றை மறைத்து, அதனாலேயே பாட்டு உயர்ந்த ஆல்பங்களும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் கேட்கும் வழியைச் சரிசெய்யுங்கள்

போன் ஸ்பீக்கரில் டிரம்ஸை எடை போடாதீர்கள். கிக் டிரம்மின், அதாவது காலால் பெடல் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின், கனம் ஏறக்குறைய 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது, அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. அதில் உங்களுக்குக் கேட்பது பெடல் தோலில் படும் 'டக்' மட்டும்தான். சாதாரண ஒயர் ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை, ஆனால் பேஸ் பூஸ்ட், ஈக்வலைஸர், '3டி' என்று போனில் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் சிம்பல் என்ற உலோகத் தட்டின் சத்தம் தண்ணீருக்குள் இருந்து வருவது போல, 'ஸ்வ்விஷ்' என்று சுழன்றுகொண்டே இருந்தால் உடனே ஆல்பத்தைத் திட்டாதீர்கள். பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பு முதலில் கெடுப்பது சிம்பலைத்தான். நல்ல தரத்தில் வேறொரு பிரதி எடுத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது இரண்டின் சத்த அளவையும் காதால் சமப்படுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் அதிகமாக ஒலிப்பது எதுவோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும், எல்லோருடைய காதும் அப்படித்தான். ரீமாஸ்டர் செய்த பதிப்புகள் பலவும் முதல் கேட்பில் ஜெயிப்பதற்குக் காரணம் இது மட்டுமே.

எதை அடிக்கிறார்கள்: ஸ்நேரில் தொடங்குங்கள்

ஒரு நிமிடம் பாடகரை மறந்துவிட்டு ஸ்நேரை மட்டும் பின்தொடருங்கள். ராக் பாட்டில் பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் விழும் 'டப்' அதுதான். அதற்குள் மூன்று சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. குச்சி தோலில் படும் கூர்மை, தோலும் சட்டமும் சேர்ந்து எழுப்பும் 'டொம்', அடித்தோலை ஒட்டிக் கட்டியிருக்கும் சுருள் கம்பிகள் தரும் 'சர்ர்'. இந்த மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதுதான் ஒரு ஸ்நேரின் குணம். கம்பி அதிகமானால் மணல் கொட்டுவது போல ஆகும். தோல் மட்டும் மேலோங்கினால் கம்பி இல்லாத டாம் டிரம் போல ஆகிவிடும். கூர்மை மட்டும் இருந்தால் பென்சிலால் மேசையைத் தட்டியது போல இருக்கும்.

இறுக்கத்தையும் கவனியுங்கள். பறையைத் தீயில் காய்ச்சினால் தோல் இறுகிச் சத்தம் ஏறும் அல்லவா, அதே கணக்குதான், இங்கே தீக்குப் பதில் சுற்றிலும் உள்ள திருகுகள். இறுக்கி வைத்த ஸ்நேர் 'டாங்' என்று தெறிக்கும், தளர்த்தினால் 'தொப்' என்று கனமாக விழும். வேகமான பாட்டுக்கு இறுக்கமும் நிதானமான பாட்டுக்குத் தளர்வும் பெரும்பாலும் ஒத்துப்போகும், இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கெட்ட ஸ்நேர் என்று எல்லோரும் முதலில் காட்டுவது மெட்டாலிகாவின் 'செயின்ட் ஆங்கர்', 2003. நானும் அதைத்தான் காட்டுவேன், ஆனால் ஏன் கெட்டது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். டிரம்மர் லார்ஸ் உல்ரிச் ஸ்நேரின் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்தார், அதனால் அந்த 'சர்ர்' போய்விட்டது. எஞ்சியது உலோகச் சட்டத்தின் நீண்ட 'ணங்' மட்டும், காலி எண்ணெய் டின்னைக் கரண்டியால் தட்டியது போல. அந்த 'ணங்'குக்கு ஒரு நிலையான சுருதி இருக்கிறது. கித்தார் எந்த சுரத்துக்குப் போனாலும் ஸ்நேர் அதே சுருதியில் மணியடித்துக்கொண்டே இருக்கும், 75 நிமிட ஆல்பம் முழுக்க. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய வெற்றிடத்தை அந்த ரீங்காரம் நிரப்பிவிடுகிறது, அதனால் வேகமான பகுதிகளில் தாளம் தெளிவாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே இரைச்சல். கோபத்தைச் சொல்லத்தான் அப்படிச் செய்தார்கள், உல்ரிச்சும் அந்த முடிவைப் பின்னாளில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டில் கோபமாகக் கேட்கும் சத்தம் பதினொரு பாட்டிலும் மாறாமல் கேட்டால் கோபம் எங்கே போகும், அலுப்புதான் மிஞ்சுகிறது.

அதற்காக ரீங்காரமே தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. நண்பரின் பேண்ட் ஒரு சின்ன அறையில் பதிவு செய்தபோது டிரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்நேரை அடித்ததும் 'ணொய்ங்' என்று ஒரு வால் இழுத்தது, சகிக்கவில்லை. தோலின் ஓரத்தில் டேப் ஒட்டச் சொன்னேன், ஒட்டினார்கள், ரீங்காரம் போனது, எனக்குத் திருப்தி. பிறகு இரண்டு கித்தார்களையும் பேஸையும் சேர்த்துப் போட்டுக் கேட்டால் ஸ்நேர் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல எங்கோ உள்ளே கிடந்தது. பதிவு செய்தவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் டேப்பை உரித்துவிட்டு வந்தார். மறுபடி அடித்தபோது அந்த 'ணொய்ங்' தனியாகக் கேட்கவே இல்லை, கித்தார் அதை விழுங்கிவிட்டது, ஆனால் ஸ்நேருக்கு உயிர் வந்துவிட்டது. அன்றிலிருந்து டிரம்ஸைத் தனியாகக் கேட்டு நல்லது கெட்டது சொல்வதில்லை. பாட்டுக்குள் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கிக்: வயிறும் வாயும்

கிக் டிரம்மில் கேட்க வேண்டியது இரண்டு. கீழே வயிற்றில் உணரும் 'தும்', மேலே காதில் கேட்கும் 'டக்'. முதலாவது தோலும் கூடும் தருவது, இரண்டாவது பெடலின் தலை தோலில் மோதுவது. சரியான கிக்கில் இவை ஒரே அடியாகக் கேட்கும். பிரிந்து கேட்டால் எங்கோ தவறியிருக்கிறது.

'...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', 1988, மறுபடியும் மெட்டாலிகா. இதில் கிக் டைப்ரைட்டர் விசை போல 'டிக் டிக்' என்கிறது. இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கும் அவ்வளவு வேகமான டபுள் கிக்கில் ஒவ்வொரு அடியும் கித்தார் சுவரைத் தாண்டிக் கேட்க வேண்டுமானால் அந்த 'டிக்' கொஞ்சம் தேவைதான், த்ராஷ் மெட்டல் முழுக்கவே அப்படித்தான். இங்கே சிக்கல் வேறு. ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கித்தாரை மிக்ஸில், அதாவது எல்லா வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும்போது, ஏறக்குறைய கேட்காத அளவுக்கு இறக்கிவிட்டார்கள். கிக்கின் கீழ்ப்பகுதியோடு கைகோத்து நிற்க வேண்டியது பேஸ்தான். அது இல்லாததால் கிக்குக்குத் தரையே இல்லை, 'டிக்' மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த ஆல்பம், 1991-இல் பாப் ராக் தயாரித்த கறுப்பு அட்டை ஆல்பம், இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். அதே டிரம்மர், மூன்று வருட இடைவெளி. இரண்டாவதில் கிக்கும் பேஸும் சேர்ந்து ஒரே உடம்பாக நடப்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால் 'செயின்ட் ஆங்கர்' தயாரிப்பாளரும் அதே பாப் ராக்தான். ஆள் ஒருவரே, முடிவுகள் வேறு.

கிக்கை இவ்வளவு நெருக்கமாகக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 1966-க்குப் போக வேண்டும். பீட்டில்ஸின் 'ரிவால்வர்' பதிவின்போது ஜெஃப் எமெரிக் என்ற இளம் இன்ஜினியர் ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, ஸ்டூடியோ வழக்கத்தை மீறி மைக்கை மிக அருகில் கொண்டுபோய் வைத்து, ஃபேர்சைல்ட் லிமிட்டர் என்ற, சத்தத்தின் உச்சியை அமுக்கும் கருவியால் நன்றாக அழுத்தினார். 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டில் அதைக் கேட்கலாம். அதற்கு முந்தைய பீட்டில்ஸ் பாட்டு எதையாவது போட்டுவிட்டு உடனே இதைப் போடுங்கள், டிரம்மர் பக்கத்து அறையிலிருந்து உங்கள் மடிக்கு வந்துவிட்டது போல இருக்கும். டாம்களின் மேல் டீ டவல் போட்டு அமுக்கும் ரிங்கோவின் பழக்கமும் அந்தக் காலத்துதான், 'கம் டுகெதர்' பாட்டின் அந்த 'தொப் தொப்' அப்படி வந்ததே.

எங்கே வைத்து அடிக்கிறார்கள்

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இது. பால் காய்ச்சும் நாளில், சாமான் எதுவும் வராத புது வீட்டில் கை தட்டியிருக்கிறீர்களா? அறை திருப்பித் தட்டும். அதே அறையில் பீரோவும் மெத்தையும் திரைச்சீலையும் வந்த பிறகு தட்டினால் சத்தம் கையோடு செத்துவிடும். டிரம்ஸும் அப்படித்தான், அது இருக்கும் அறையும் சேர்ந்ததுதான் வாத்தியம். ஆல்பத்தைக் கேட்கும்போது ஸ்நேர் அடி விழுந்தவுடன் அடியை விட்டுவிட்டு அதன் வாலைக் கேளுங்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது? எந்தத் திசையில் போகிறது? சட்டென்று வெட்டுகிறதா, மெல்லக் கரைகிறதா?

இதற்குப் பாடப்புத்தகம் லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில், 1971-இல் வந்த 'வென் தி லெவீ பிரேக்ஸ்'. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய வீடு, 1795-இல் ஏழைகளுக்கான விடுதியாகக் கட்டியது. அதன் முன்கூடத்தில், மாடிப்படிகளுக்குக் கீழே, ஜான் பான்ஹாமின் டிரம் செட்டை வைத்தார்கள். இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் மேலே படிக்கட்டிலிருந்து பெயர்டைனமிக் எம்160 மைக்குகள் இரண்டைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான். கிக்குக்குத் தனி மைக் கிடையாது. அந்தச் சத்தத்தைக் கம்ப்ரஸர் என்ற, பலத்த சத்தத்தை அமுக்கும் கருவியில் நன்றாக அழுத்தி, பின்சன் எக்கோரெக் என்ற எக்கோ கருவியையும் சேர்த்தார்கள்.

பாட்டு டிரம்ஸோடு மட்டும் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்த முதல் சில விநாடிகளைக் கேளுங்கள். ஸ்நேர் விழுகிறது, அந்த அடியைக் கம்ப்ரஸர் அமுக்குகிறது, அமுக்கிய கையை எடுத்ததும் சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் பொங்கி முன்னால் வருகிறது, அது அடங்குவதற்குள் கிக் விழுகிறது. ஒரு பெரிய விலங்கு மூச்சு விடுவது போல இருக்கும். மூச்சின் நீளமும் பாட்டின் வேகமும் சரியாகப் பொருந்துவதுதான் இதில் விசேஷம். பாட்டு இதைவிட வேகமாக இருந்திருந்தால் ஒரு அடியின் வால் அடுத்த அடியின் மேல் ஏறிச் சேறாகியிருக்கும். இதே மாதிரி சத்தம் வேண்டும் என்று பெரிய அறையில் மைக்கைத் தூரத்தில் வைத்துவிட்டு வேகமாக வாசித்து ஏமாந்த பேண்டுகள் நிறைய.

எழுபதுகளின் நடுவில் அமெரிக்க ஸ்டூடியோக்கள் பல இதற்கு எதிர்ப்பக்கம் போயின. தரையிலும் சுவரிலும் கார்ப்பெட், டாம்களின் அடித்தோலைக் கழற்றிவிடுவது, தோலின் மேல் டேப். சத்தம் உலர்ந்து போனது. அதுவும் நல்லதாக இருக்க முடியும். ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்', 1977, டிரம்ஸ் எவ்வளவு உலர்ந்து, எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது பாருங்கள், அந்தப் பாட்டுகளுக்கு அதுதான் வேண்டும், பாடுபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குடும்பச் சண்டையைச் சொல்லும்போது பின்னால் இடி இடிக்கக் கூடாது.

பிறகு 1980. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பம், டிரம்ஸில் ஃபில் காலின்ஸ், இன்ஜினியர் ஹ்யூ பேட்ஜம். கல் பதித்த அறை. அங்கே இருந்த எஸ்எஸ்எல் மிக்ஸிங் மேசையில் வாத்தியக்காரர்கள் பேசுவதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் கேட்பதற்கென்று ஒரு மைக் இணைப்பு உண்டு. யார் எங்கிருந்து பேசினாலும் கேட்க வேண்டும் என்பதற்காக அதில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் வைத்திருந்தார்கள். காலின்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்பு திறந்திருந்தது, டிரம்ஸ் அதன் வழியாகப் பூதம் போல வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, கூடவே சத்தம் குறைந்ததும் மூடிக்கொள்ளும் கேட் என்ற கருவியைப் போட்டு வாலைச் சட்டென்று வெட்டினார்கள். 'இன்ட்ரூடர்' பாட்டில் அதைக் கேட்கலாம், சிம்பலே இல்லாமல், கேப்ரியல் சிம்பல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' அதை உலகத்துக்கே கொண்டுபோனது. மூன்றரை நிமிடம் தாண்டியதும் வரும் அந்த டாம் உருட்டலில் ஒவ்வொரு அடியும் பெரிய மண்டபத்தில் விழுந்து, கதவைச் சாத்தியது போல அடுத்த கணமே நின்றுவிடும். பெரிய அறை, ஆனால் சேறு இல்லை. புத்திசாலித்தனமான வழி.

கெட்டது பிறகு வந்தவர்களால்தான். எண்பதுகளில் இதைச் செயற்கையாக அறை எதிரொலி தரும் ரிவெர்ப் கருவிகளின் பொத்தானாக்கிவிட்டார்கள், காதல் பாட்டு, ஹார்ட் ராக், எது வந்தாலும் ஸ்நேரில் அதே 'டூஃப்'. அறையே இல்லாத இடத்தில் ஒட்டவைத்த அறை அது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்நேர் மட்டும் மண்டபத்தில் இருக்க, ஹை-ஹேட் என்ற ஜோடி சிம்பல் அலமாரிக்குள் இருப்பது போலக் கேட்டால் அந்த மண்டபம் பொய். நிஜ அறையில் இரண்டும் ஒரே காற்றில்தான் இருக்கும்.

நெருக்கம், தூரம் இரண்டையும் சரியாகக் கலந்ததற்கு ஒரு உதாரணம் சொல் என்றால் ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', 1980, பஹாமாஸின் காம்பஸ் பாயிண்ட் ஸ்டூடியோவில் பதிவானது. ஃபில் ரட்டின் வாசிப்பில் அலங்காரம் எதுவும் இல்லை, அறை இருக்கிறது ஆனால் காட்டிக்கொள்ளவில்லை, ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் சரியான அளவு காலி இடம். ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போனால் நான் போட்டுப் பார்ப்பது இதைத்தான்.

யார் அடிக்கிறார்

மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி அடிக்காது. ஒரு அடி நடுவில் விழும், அடுத்தது நூலளவு தள்ளி விழும், வலது கையும் இடது கையும் ஒரே கனத்தில் இறங்காது. அதனால் ஸ்நேரில் வேகமாக உருட்டும் இடங்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஒவ்வொரு அடியும் அச்சு வார்த்தது போல 'டட்டட்டட்' என்று வந்தால் அங்கே பதிவு செய்த ஒரே அடியைக் கணினியில் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். புதிய மெட்டல், ராக் ஆல்பங்கள் பலவற்றில் இது இருக்கிறது.

இன்னொரு சோதனை, பெரிய அடிகளுக்கு நடுவில் ஸ்நேரில் மெல்லத் தடவிவிட்டுப் போகும் குட்டி அடிகள். கோஸ்ட் நோட் என்பார்கள். டோட்டோவின் 'ரோசானா', 1982, ஜெஃப் பொர்காரோ வாசித்தது, அல்லது லெட் செப்பலினின் 'ஃபூல் இன் தி ரெயின்', 1979. இரண்டிலும் அந்தக் குட்டி அடிகள் கேட்கின்றனவா என்று பாருங்கள், பாட்டை நடக்க வைப்பதே அவைதான். நல்ல பதிவில் பலத்த அடியும் இந்த முணுமுணுப்பும் சேர்ந்தே கேட்கும். கெட்ட மிக்ஸில் முணுமுணுப்பு மறைந்துவிடும், அல்லது அதுவும் பலத்த அடியின் உயரத்துக்கு ஏறிவிடும், இரண்டுமே டிரம்மரைக் கொல்வதுதான்.

இப்படி முன்பே பதிவு செய்த அடியை, அதாவது சாம்பிளை, சேர்த்தாலே மோசம் என்று சண்டை போடுபவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', 1991, டேவ் க்ரோல் லாஸ் ஏஞ்சல்ஸில் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் வாசித்தது. மிக்ஸ் செய்த ஆண்டி வாலஸ் அவருடைய அடிகளுக்கு அடியில் சாம்பிள்களைச் சேர்த்து, அவற்றின் வழியாக ரிவெர்ப்பைக் கூட்டினார். ஆனால் மேலே கேட்பது க்ரோலின் கைதான், அடிக்கு அடி மாறுகிறது. இன்னும் ஒரு படி தள்ளி டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா', 1987. அதில் டிரம்ஸ் முழுக்கவே சாம்பிள்களை வைத்துக் கட்டியது. டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தவர், கால் பெடல்கள் வைத்த எலக்ட்ரானிக் செட்டோடு திரும்பி வந்தார். தயாரிப்பாளர் மட் லேங்கின் அந்த ஆல்பத்தில் 'யார்' என்ற கேள்விக்கும் 'எங்கே' என்ற கேள்விக்கும் பதில் இல்லை. ஆனாலும் அது நல்ல டிரம்ஸ் சத்தம்தான், ஏனென்றால் அதில் கித்தாரும் குரலும்கூட அதே போல அடுக்கடுக்காகக் கட்டியவை, எல்லாம் ஒரே உலகத்துப் பொருள். டேவிட் போவியின் 'லோ', 1977, அதுவும் இந்த வகைதான். டோனி விஸ்கான்டி ஸ்நேரை ஈவென்டைட் ஹார்மனைஸரில் விட்டு, ஒவ்வொரு அடியின் சுருதியும் கீழே சரிந்து விழும்படி செய்தார். இயற்கையில் இல்லாத சத்தம், ஆனால் டென்னிஸ் டேவிஸின் கை உள்ளே உயிரோடு இருக்கிறது.

நல்ல பதிவு, கெட்ட மாஸ்டரிங்

சில ஆல்பங்களில் வாசிப்பும் மைக்கும் அறையும் சரியாக இருக்கும், மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்டத்தில் கெட்டிருக்கும். தொண்ணூறுகளின் பின்பாதியிலிருந்து எல்லோரும் தங்கள் சிடி மற்ற சிடியைவிடச் சத்தமாக இருக்க வேண்டும் என்று உச்சியை வெட்டி வெட்டி ஏற்றினார்கள். வெட்டும்போது முதலில் போவது டிரம்ஸ், ஏனென்றால் பாட்டில் உயரமாக நிற்கும் முனைகள் ஸ்நேரும் கிக்கும்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். பாட்டின் அமைதியான பகுதியில் ஸ்நேர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோரஸில் கித்தார் எல்லாம் சேர்ந்து வரும்போது ஸ்நேர் சுருங்கிவிட்டதா? டிரம்மர் இன்னும் பலமாகத்தான் அடிக்கிறார், ஆனால் உங்களுக்குச் சின்னதாகக் கேட்கிறது. அடுத்து, ஒவ்வொரு கிக் அடிக்கும் சிம்பல் சத்தம் உள்ளே இழுத்து வெளியே வருகிறதா? கிக்கின் அடியில் 'க்ரக்' என்று ஒரு பொரிப்பு இருக்கிறதா? இருந்தால் அதுதான். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'கலிஃபோர்னிகேஷன்', 1999, மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்', 2008, இரண்டும் இதற்குப் பேர்போனவை. 'டெத் மேக்னடிக்' பாட்டுகள் கித்தார் ஹீரோ விளையாட்டிலும் வந்தன, அதில் இருந்த பதிப்பு இவ்வளவு நசுங்கவில்லை என்று ரசிகர்கள் கண்டுபிடித்துப் பெரிய விவாதமே நடந்தது.

ஒரே வாசிப்பு இரண்டு விதமாகக் கேட்க வேண்டுமானால் ரஷ் பேண்டின் 'வேப்பர் டிரெயில்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் வந்தது நசுங்கிய மிக்ஸ். 2013-இல் டேவிட் பாட்ரில் புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பு வந்தது. இரண்டிலும் முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி', அது நீல் பெர்ட்டின் டபுள் கிக்கோடுதான் தொடங்கும். சத்த அளவைச் சமப்படுத்திக்கொண்டு அந்தத் தொடக்கத்தை இரண்டிலும் மாற்றி மாற்றி நான்கு முறை கேளுங்கள். எது எது என்று பார்க்காமலே சொல்லும் அளவுக்குக் காது பழகிவிட்டால் இந்தப் பகுதியில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேறு ஒன்றும் இல்லை.

சிம்பல் பற்றி ஒரு வார்த்தை. டிரம் செட்டில் எல்லா மைக்கிலும் கசிவது அதுதான், டாம் மைக்கைக் கொஞ்சம் ஏற்றினால் கிராஷ் சிம்பலும் சேர்ந்து ஏறும். இதைத் தவிர்க்கத்தான் குயின்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜின் 'சாங்ஸ் ஃபார் தி டெஃப்', 2002, பதிவில் க்ரோல் டிரம்ஸைத் தனியாகவும் சிம்பலைத் தனியாகவும் வாசித்தார். டாம்கள் அவ்வளவு உலர்ந்து, அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

பழகுவதற்கு ஒரு மாலை

ஒரே டிரம்மர், இரண்டு ஆண்டு இடைவெளி, இரண்டு சத்தம். 'நெவர்மைண்ட்' ஆல்பத்தையும் 1993-இல் வந்த 'இன் யூட்டரோ'வையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை ஸ்டீவ் அல்பினி மின்னசோட்டாவின் பாச்சிடெர்ம் ஸ்டூடியோவில் பதிவு செய்தார், டிரம்மைச் சுற்றியும் அறையிலும் பல மைக்குகளை வைத்து, அறை எப்படி இருந்ததோ அப்படியே. 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' இரண்டையும் சோதனைக்கு எடுக்காதீர்கள், அவற்றைப் பிறகு ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார். 'சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்' போடுங்கள், அது டிரம்ஸோடு தொடங்கும்.

முதல் முறை கேட்கும்போது கிக்கை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது முறை ஸ்நேர், அதில் முதலில் அடி, அப்புறம் வால். மூன்றாவது முறை எதையும் தேடாமல் அறையின் அளவை மட்டும் யோசித்துப் பாருங்கள், கூரை எவ்வளவு உயரம், சுவர் எவ்வளவு தூரம். பிறகு கித்தார் நுழையும்போது டிரம்ஸ் ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் நிற்பதைக் கவனியுங்கள். உடனே 'நெவர்மைண்ட்' போய் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' தொடக்கத்தில் டிரம்ஸ் நுழையும் இடத்தைப் போடுங்கள். அங்கே கிடைப்பது பளபளப்பாகத் தேய்த்த, வானொலிக்குத் தயாரான அடி. 'இன் யூட்டரோ'வில் கேட்பது க்ரோல் குச்சியைத் தலைக்கு மேல் தூக்குவது தெரியும் அடி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். என் நெருங்கிய நண்பனுக்கு முதலாவது. இருபது வருடமாக அவன் மாறவில்லை, நானும் மாறவில்லை, ஆனால் இப்போதெல்லாம் அவன் ஏன் அதைச் சொல்கிறான் என்று ஸ்நேரின் வாலைக் காட்டி என்னால் விளக்க முடிகிறது.